முள்ளை மட்டும் பார்த்து மரத்தைப் பிடுங்காதீர்கள்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நான் பேசப்போவது நெல்லைப் பற்றியும் அல்ல, மிளகாயைப் பற்றியும் அல்ல. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், ஒரு பிடி உரம் போடாமல் நம்முடைய புஞ்சையிலும் கண்மாயிலும் தானாக விளைந்து நிற்கிற சீமைக் கருவேலைப் பற்றி. சில ஊர்களில் வேலிகாத்தான் என்பார்கள், சில ஊர்களில் சீமைக் கருவை, வேலிக் கருவை என்பார்கள். பெயர் எதுவானாலும் மரம் ஒன்றுதான்.

"இதிலே பேச என்ன சார் இருக்கு? இந்த முள்ளைத் தெரியாத பிள்ளை நம்ம ஊரிலே உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் சங்கடம் வருகிறது. இப்போது பல ஊர்களில் பொக்லைன் வைத்து முள் எடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பிடுங்கிப் போட்ட குவியலைக் கிட்டே போய்ப் பார்த்தால், சீமைக் கருவேலோடு வன்னியும், நாட்டுக் கருவேலும், வெள்வேலும், குடைவேலும் சேர்ந்து கிடக்கின்றன. முள் இருந்தது, அதனால் பிடுங்கினோம் என்கிறார்கள். முள் உள்ளதெல்லாம் சீமைக் கருவேல் ஆகிவிடாது. எடுக்க வேண்டிய மரம் ஒன்று. காக்க வேண்டிய மரங்கள் பல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

வந்த கதை

முதலில் இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, மேற்கிந்தியத் தீவுகள். அங்கே வறண்ட கடற்கரை ஓரங்களில் வளர்கிற மரம். அன்றைய சென்னை மாகாணத்தில் விறகுப் பஞ்சம் இருந்தது. பெடோம் என்ற வனத்துறை அதிகாரி வறண்ட நிலத்துக்கு ஏற்ற மரம் வேண்டுமென்று எழுதிக் கேட்டு, விதை வரவழைக்கப்பட்டு, 1877-ஆம் ஆண்டில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் பகுதியில் ஊன்றப்பட்டது. ஆக, இது நம் பக்கத்துக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நேற்று முந்தாநாள் வந்த மரம் இல்லை.

வந்த மரம் சும்மா இருக்கவில்லை. ஆடு மாடு தின்று விதை பரப்பின. வெட்ட வெட்டத் துளிர்த்தது. இன்றைக்கு இங்கேயே பிறந்து வளர்ந்த மரம் போல நம் மண்ணில் நிலைத்துவிட்டது. இப்படி அயல்நாட்டிலிருந்து வந்து, யாருடைய உதவியும் இல்லாமல் தானே பெருகி நிற்பதைத்தான் இயல்பாகிப் போன மரம் என்கிறோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதே ஒரு குற்றம் இல்லை. நாம் தோலை உரித்துத் தின்கிற கொடுக்காப்புளியும் மெக்சிகோ பக்கத்து மரம்தான். மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். வந்த இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல் ஒரு இடத்தில் காலூன்றினால் பக்கத்துச் செடியை எழும்ப விடாது, வாய்க்காலை அடைக்கும், கண்மாய்க்குள் காடாகிவிடும், தரிசு போட்ட புஞ்சையை இரண்டு மூன்று வருஷத்தில் உழவே முடியாதபடி ஆக்கிவிடும். அதனால்தான் எடுக்கச் சொல்கிறோம்.

ஏன் குழப்பம் வருகிறது?

சீமைக் கருவேலுக்கும் நம்முடைய வன்னிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே குலத்தில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2022-ஆம் ஆண்டில்தான் தாவரவியல் அறிஞர்கள் அந்தக் குலத்தைப் பிரித்து, சீமைக் கருவேலை நெல்டூமா என்ற தனிக் குலத்தில் சேர்த்தார்கள். வன்னி பழைய புரோசோபிஸ் குலத்திலேயே நிற்கிறது. படித்தவர்களே இவ்வளவு காலம் ஒரே வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்த மரங்கள் என்றால், தூரத்திலிருந்து பார்க்கிற நமக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

நாட்டுக் கருவேல், வெள்வேல், குடைவேல் மூன்றும் வேறு குலம். ஆனால் பொடி இலை, நீட்டு முள் என்று மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரியும். பெயரிலும் "கருவேல்" என்று வந்துவிடுகிறது. அதனால் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

கையெட்டும் உயரத்தில் ஒரு கொப்பை ஒரு முழ நீளத்துக்கு ஒடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முள் குத்தாமல் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் அடையாளம்: பூ பந்தா, வாலா?

பூ இருக்கிற சமயமானால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறத்தில், உருண்டையாக, பஞ்சுப் பந்து போல இருக்கும். வெள்வேலின் பூவும் சிறு பந்துதான். வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை நிறம். கொப்பின் நுனியில் பெரிய கொத்தாகப் பூக்கும். குடைவேலுக்கு வெள்ளைப் பந்து.

சீமைக் கருவேலுக்கும் வன்னிக்கும் பந்து கிடையாது. பூனை வால் மாதிரி நீண்ட சரம். சீமைக் கருவேலின் சரம் விரல் நீளம் இருக்கும். முதலில் பச்சை கலந்த வெண்மையாக இருந்து பிறகு வெளிர் மஞ்சளாகும். இதன் விஞ்ஞானப் பெயரில் வருகிற ஜூலிஃபுளோரா என்ற லத்தீன் சொல்லுக்கே இப்படி வால் போன்ற பூச்சரம் உடையது என்றுதான் பொருள். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது.

ஆகவே பூ பந்தாக இருந்தால் அது சீமைக் கருவேல் இல்லை. அரிவாளைக் கீழே வையுங்கள். வாலாக இருந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள், அடுத்த அடையாளத்தையும் பாருங்கள். ஏனென்றால் வன்னிக்கும் வால்தான். விடத்தலைக்கும் வால்தான், அதன் பூச்சரத்தில் ஒரு பாதி இளஞ்சிவப்பும் மறுபாதி மஞ்சளுமாக இரண்டு நிறம் இருக்கும். கருங்காலிக்கும் சரப்பூதான்.

இரண்டாவது அடையாளம்: இலையில் எத்தனை ஜோடி?

பூ இல்லாத நாளிலும் இலை இருக்கும். நாம் இலை என்று நினைக்கிற பொடிப்பொடியான பச்சை உண்மையில் முழு இலை இல்லை. கொப்பிலிருந்து ஒரு காம்பு புறப்படுகிறது. அந்தக் காம்பில் ஜோடி ஜோடியாகக் கிளைக்காம்பு பிரிகிறது. அந்தக் கிளைக்காம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சிற்றிலைகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு இலை.

கிளைக்காம்பு எத்தனை ஜோடி என்று எண்ணுங்கள். சீமைக் கருவேலுக்குப் பெரும்பாலும் இரண்டு ஜோடி. சில இலையில் ஒன்று, சிலதில் மூன்று. நாட்டுக் கருவேலுக்கு மூன்று முதல் எட்டு ஜோடி வரை வரும். வெள்வேலுக்கு இன்னும் அதிகம். கருங்காலிக்கும் விடத்தலைக்கும் நிறைய ஜோடி. ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், நாலைந்து இலையைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிடும்.

கொடுக்காப்புளியை இதில் சுலபமாகப் பிரித்துவிடலாம். அதற்கு ஒரு ஜோடி கிளைக்காம்பு, ஒவ்வொன்றிலும் இரண்டே இலை, ஆக மொத்தம் நாலு இலை. அந்த இலையும் பொடியாக இருக்காது, அகலமாக இருக்கும்.

ஆனால் வன்னியின் இலையிலும் ஒன்று முதல் மூன்று ஜோடிதான்; பெரும்பாலும் இரண்டுதான். சிற்றிலையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். இலையை மட்டும் நம்பி வன்னியை வெட்டியவர்கள் உண்டு. அதற்குத்தான் மூன்றாவது அடையாளம்.

மூன்றாவது அடையாளம்: முள் எங்கே முளைக்கிறது?

எவ்வளவு முள் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கொப்பில் இலை புறப்படுகிற இடத்தைக் கணு என்கிறோம். இரண்டு கணுவுக்கு நடுவே உள்ளது கணுவிடை. கரும்பில் பார்த்திருப்பீர்கள்.

சீமைக் கருவேலின் முள் கணுவில்தான் இருக்கும். இலைக் காம்பின் அடியில் இரண்டு முள் ஜோடியாக, சில இடத்தில் ஒன்று தனியாக, தடித்து, நேராக நீட்டிக்கொண்டிருக்கும். இளங்கொப்பு கணுவுக்குக் கணு திசை மாறி வளைந்து வளைந்து போகும்.

வன்னியின் முள் அப்படி இல்லை. அது சின்னது, அரை சென்டிமீட்டர் அளவு, அடி அகன்று நுனி கூர்ந்திருக்கும், ரோஜாச் செடி முள் மாதிரி. அது கணுவில் ஜோடியாக நிற்காமல், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். வன்னியையும் சீமைக் கருவேலையும் பிரிப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கணுவில் முள் என்றால் சீமை. கணுவிடையில் முள் என்றால் வன்னி. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாலே போதும்.

நாட்டுக் கருவேலுக்கும் குடைவேலுக்கும் முள் கணுவில் ஜோடியாகத்தான் இருக்கும். நாட்டுக் கருவேலின் முள் மெலிந்து, வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். குடைவேலுக்கு வெள்ளை வெளேரென்று நீண்ட முள்ளும், நடுநடுவே குட்டையாக வளைந்த முள்ளும் கலந்து வரும். ஆனால் இவற்றை நீங்கள் பூவிலும் இலையிலும் ஏற்கெனவே பிரித்திருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சீமைக் கருவேலில் முள்ளே இல்லாத மரமும் அபூர்வமாக உண்டு. அதனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குறைந்தது மூன்று அடையாளம் ஒத்துப்போக வேண்டும்.

நான்காவது அடையாளம்: நெற்று

காய்க்கிற காலத்தில் நெற்றைப் பாருங்கள். சீமைக் கருவேலின் நெற்று ஒரு சாண் வரை நீளும், சற்றுத் தட்டையாக, சதைப்பற்றோடு, முற்றினால் வைக்கோல் நிறமாகும், நுனி வளைந்திருக்கும், கடித்தால் இனிக்கும். காய்ந்தாலும் தானாக வெடிக்காது. அப்படியே கீழே விழும்.

வன்னியின் நெற்று மெலிந்து, உருண்டு, பென்சிலைவிட ஒல்லியாகக் கொத்தாகத் தொங்கும். நாட்டுக் கருவேலின் நெற்றோ பாசிமணி கோத்தது போல ஒவ்வொரு விதைக்கும் நடுவே இறுகியிருக்கும். மேலே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். குடைவேலின் காய் சுருண்டிருக்கும்.

மரத்தின் தோற்றமும் உதவும்

வயது வந்த வன்னிக்குப் பெரும்பாலும் ஒரே அடிமரம். பட்டை சாம்பல் நிறமாக, ஆழமாக வெடித்து, சொரசொரவென்று இருக்கும். கொப்புகள் தழைந்து தொங்கும். நாட்டுக் கருவேலின் பட்டை கறுத்து வெடித்திருக்கும். வெள்வேலின் பட்டை பெயருக்கேற்ப வெளிறியிருக்கும். குடைவேல் குடை பிடித்த மாதிரி உச்சி தட்டையாக நிற்கும். சீமைக் கருவேல் தூரிலிருந்தே நாலைந்து கொப்பாகப் பிரிந்து, கோணல்மாணலாகப் புதர் போல எழும்பும். வெட்டாமல் விட்டால் மரமாகவும் ஆகும். அதனால் தோற்றத்தைத் துணை அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் ஆடு. வன்னிக் குழையை ஒடித்துப் போட்டால் ஆடு ஆசையாகத் தின்னும். சீமைக் கருவேலின் நெற்றைத் தேடித் தேடித் தின்கிற அதே ஆடு, அதன் இலையைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. சந்தேகம் வந்தால் ஒரு குழையை ஆட்டுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஒரு விவசாயி தன் புஞ்சை வரப்பில் பதினொரு மரத்துக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டு வைத்திருந்தார். மறுநாள் பொக்லைன் வருகிறது. "எல்லாம் முள்ளுதானே சார், மொத்தமா எடுத்துடுவோம்" என்றார். "அண்ணே, ஒவ்வொரு மரத்திலும் ஒரு கொப்பை ஒடிங்க, பார்த்துடுவோம்" என்றேன். பார்த்ததில் ஏழு சீமைக் கருவேல், மூன்று வன்னி, ஒன்று நாட்டுக் கருவேல். வன்னியில் ஒன்று அவருடைய தாத்தா காலத்து மரமாம். அந்த நாலு மரத்திலிருந்தும் சுண்ணாம்பை அவரே தேய்த்து அழித்தார். பார்க்க ஆன நேரம் கால்மணி. தவறி எடுத்திருந்தால், அந்த வன்னியை மறுபடி அந்த அளவுக்குப் பார்க்க அவருடைய பேரன் காலம் ஆகியிருக்கும். வன்னி அவ்வளவு மெதுவாக வளர்கிற மரம்.

எதை இழப்போம்?

வன்னி இருந்தால் என்ன, போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். ராஜஸ்தானத்தில் வன்னியைக் கேஜ்ரி என்பார்கள். அங்கே விவசாயிகள் கம்பு விதைக்கிற நிலத்தின் நடுவிலேயே அதை விட்டு வைத்திருக்கிறார்கள். அதன் கீழே பயிர் நன்றாக வருகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். பிஞ்சு நெற்று மனிதனுக்குக் காய்கறி. 1730-ஆம் ஆண்டில் ஜோத்பூர் அரசர் ஆட்கள் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள் மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது வரலாறு. 1983-இல் அதை ராஜஸ்தான் மாநில மரமாக அறிவித்தார்கள். நம் பக்கத்தில் விருத்தாசலம் கோயிலில் வன்னிதான் தல விருட்சம். விஜயதசமியன்று அம்பு போடுவதும் வன்னிக்குத்தான்.

நாட்டுக் கருவேலும் லேசுப்பட்டதல்ல. ஏர்க்கலப்பைக்கும் வண்டிக்கும் உதவிய மரம். பட்டை தோல் பதனிட உதவும். காயும் இலையும் ஆட்டுக்குத் தீவனம். கண்மாய்க்குள் சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறை நட்டது பெரும்பாலும் இந்த மரம்தான். இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும் இந்த மரங்களின் மேலேதான்.

சரி, சீமைக் கருவேல் என்று உறுதியாயிற்று. பிறகு?

அடியோடு வெட்டினால் போதாது. தரை மட்டத்துக்குக் கீழே தூரில் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒரு கொப்புக்குப் பத்துக் கொப்பாக வரும். கன்றாக இருக்கும்போதே, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் கையால் பிடுங்குவது நல்லது. இடுப்பளவு உள்ளதைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்கலாம். பெரிய மரமானால் குறைந்தது ஒரு அடி ஆழம் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். குழியை மூடி மண்ணை அழுத்திவிடுங்கள். முக்கியமாகக் கண்மாய்க் கரையில் குழியைத் திறந்தபடி விட்டால் மழைக்காலத்தில் கரை உடையும்.

நெற்று பழுப்பதற்கு முன்னால் எடுப்பது உத்தமம். விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். எடுத்த நிலத்தை அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமும் நடந்து பார்த்து, முளைத்த கன்றைப் பிடுங்கிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பொக்லைனுக்கு இரண்டாந்தரம் வாடகை கொடுக்கிறார்கள்.

கிடை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டின் வயிற்றுக்குள் போன விதை சாகாது; இன்னும் நன்றாக முளைக்கும். சீமைக் கருவேல் நெற்றை மேய்ந்த மந்தையை அன்றைக்கே சுத்தம் செய்த நிலத்தில் கிடை போட்டால், எருவோடு விதையையும் வாங்கிக்கொள்கிறீர்கள். நெற்றுக் காலத்தில் மந்தையை ஒரு வாரம் வேறிடத்தில் மேய்த்து நிறுத்திய பிறகு கிடை போடச் சொல்லுங்கள். நெற்றைத் தீவனமாகக் கொடுக்க நினைத்தால், விதை நொறுங்கும்படி நன்றாக அரைத்து, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். இதையே தொடர்ந்து தின்கிற மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாடை இழுத்து, அசை போட முடியாமல் போவதுண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுப் பாரிங்கோ பகுதி மக்கள் இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் மேல் 2006-ஆம் ஆண்டில் வழக்குப் போட்டு, பல்லிழந்த ஒரு ஆட்டையே சாட்சியாகக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

எடுத்த இடத்தைச் சும்மா போடாதீர்கள். உழுது ஏதாவது விதையுங்கள். இல்லாவிட்டால் வேம்பு, புளி, வாகை, வன்னி என்று நம் மரம் ஒன்றை வையுங்கள். வெறும் நிலம் சீமைக் கருவேலுக்குக் கொடுக்கிற அழைப்பு. வன்னிக் கன்று வாங்கும்போதும் முள்ளின் இடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சட்டமும் வதந்தியும்

2017-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வேகம் பிறந்தது. பிறகு அதே ஆண்டில் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றி, அந்த இடத்தில் நாட்டு மரங்களைக் கொண்டுவருவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. உங்கள் பட்டா நிலத்தில் உள்ளதை நீங்கள் எடுக்கலாம். கண்மாய், ஊருணி, புறம்போக்கில் நிற்பதைத் தன்னிச்சையாக வெட்டக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் சொல்லி, அனுமதி பெற்றுச் செய்யுங்கள். ஊராட்சியில் எடுக்கும்போது பொக்லைன் ஓட்டுகிறவருக்கு வன்னியும் கருவேலும் தெரியாமல் இருக்கலாம். மரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட நிறுத்துங்கள். எடுக்க வேண்டியதற்கு அடையாளம் போடுவதைவிட, காக்க வேண்டியதற்குச் சிவப்புத் துணி கட்டுவது சுலபம்.

இந்த மரம் காற்றில் உள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது, மேகத்தை விரட்டுகிறது என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. மற்ற மரங்களைப் போலவே இதுவும் வெயிலில் உணவு தயாரித்துப் பிராணவாயுவை வெளியிடுகிறது. வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிற பயறு வகைக் குடும்பத்து மரம்தான் இது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் இதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நம் வறண்ட மாவட்டங்களில் உண்டு. தேனீக்கும் பூ கிடைக்கிறது. அதனுடைய உண்மையான குறை, ஆழ வேர்விட்டு நீரை எடுப்பதும், மற்றதை வளர விடாமல் பரவுவதும்தான். அந்தக் குறை ஒன்றே அதை எடுப்பதற்குப் போதுமானது. பொய்க் குற்றம் சுமத்தத் தேவையில்லை. பொய்யைக் கேட்டுப் பயந்தவன்தான் அவசரத்தில் வன்னியையும் சேர்த்து வெட்டுகிறான்.

கடைசியாக ஒரு தரம் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்.

பூ பந்தாக இருந்தால் சீமைக் கருவேல் இல்லை.

இலையில் கிளைக்காம்பு மூன்று ஜோடிக்கு மேல் இருந்தால் சீமைக் கருவேல் இல்லை.

முள் கணுவில் இல்லாமல் கணுவிடையில் சிதறியிருந்தால் அது வன்னி.

பூ வாலாக, கிளைக்காம்பு இரண்டு ஜோடியாக, தடித்த முள் கணுவில், நெற்று வைக்கோல் நிறத்தில் வளைந்து இனிப்பாக இருந்தால் அது சீமைக் கருவேல். தயங்காமல் தூரோடு எடுங்கள்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், பூவோ நெற்றோ உள்ள ஒரு கொப்பை ஒடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. மரத்தை வெட்டிய பிறகு கொண்டுவந்தால், என்ன மரம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.